மெய்ப்பு

அறுபத்து நான்கு எழுத்துகள். சுழியம் முதல் ஒன்பது வரை எண்கள், அவற்றோடு ஆங்கில அரிச்சுவடியின் முதல் ஆறு எழுத்துகள். சொல்லும் இல்லை, பொருளும் இல்லை. திரையின் மேல்பாதியில் ஒரு வரி, கீழ்ப்பாதியில் ஒரு வரி. இரண்டும் ஒன்றுதானா என்று ஆள்காட்டி விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்த கண் வேறெப்படிப் பார்க்கும்? நாற்பதாவது எழுத்தை நெருங்கும்போது அக்கா மகன் சிரித்துவிட்டான்.

"மாமா, அதையெல்லாம் யாராச்சும் கண்ணால பாப்பாங்களா? கமாண்டு இருக்கு மாமா. அதுவே சரியா தப்பான்னு சொல்லிரும்."

"சொல்லட்டும்டா மாப்ள. நானும் ஒருதடவை பாத்துக்கிறேன்."

அவன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. கணினிப் பாதுகாப்பு ஒரு விருப்பப் பாடம். விடுமுறையில் வீட்டிலிருந்தே செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய லேப்டாப்பில் நினைவகம் 4 ஜிபி, என்னுடையதில் 8. என்னுடையதில் மூன்று புத்தகங்களின் மெய்ப்புகள் இருந்தன, வேறெங்கும் கிடைக்காத பழைய எழுத்துருக்கள் இருந்தன, நண்பர் ஒருவர் இறப்பதற்கு முன் அனுப்பிய முடியாத நாவல் ஒன்றும் இருந்தது. "என் லேப்டாப்ல கை வைக்காம, ஆனா அதிலயே போடு" என்றேன், போகாத ஊருக்கு வழி சொன்னதாக நினைத்துக்கொண்டு. அவன் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "போடலாம் மாமா, விஎம்ல போட்டுரலாம்" என்றான்.

விஎம் என்பது வெர்ச்சுவல் மெஷின். தமிழில் மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். யார் செய்த சொல்லோ, நல்ல சொல். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். உடம்பு இல்லாமல் உடம்புக்கு நிகராக இருப்பது. என் தொழிலிலும் அதே மெய்தான் வருகிறது. அச்சாகப்போகும் புத்தகத்துக்கு முன்னால் அதைப்போலவே ஒரு தாளை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். அதில் எவ்வளவு கிறுக்கினாலும் புத்தகத்துக்குக் காயம் இல்லை. அவன் செய்யப்போவதும் அதுதான் என்று புரிந்ததும் எனக்குப் பயம் பாதி விட்டது.

போடவேண்டியது காலி லினக்ஸ் என்ற இயங்குதளம். அவன் நோட்டில் 'காளி' என்று எழுதியிருந்தான். சின்னத்தைப் பார்த்தேன், சூலமும் இல்லை, நீட்டிய நாக்கும் இல்லை, ஒரு டிராகன் இருந்தது. லகரத்துக்கு மாற்றினேன். மாற்றிய பிறகு இன்னொரு தொல்லை: நம் ஊரில் காலி என்றால் வீட்டுச் சுவரில் தொங்கும் அட்டை. இதுவோ அறுநூறுக்கு மேற்பட்ட கருவிகள் அடைத்த பட்டறை. 2006இல் பேக்டிராக் என்ற பெயரில் தொடங்கிய வேலையை, டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து 2013 மார்ச்சில் புதிதாகக் கட்டி இந்தப் பெயரில் வெளியிட்டார்கள். பூட்டைத் திறந்து பார்ப்பவர்களுக்கான பட்டறை. திறக்கச் சொல்லி வீட்டுக்காரர் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. 2019 நவம்பரில் வந்த பதிப்பில் ஒரு வேடிக்கை சேர்த்திருக்கிறார்கள்: ஒரு கட்டளையில் திரை முழுக்க விண்டோஸ் 10 வேஷம் கட்டிக்கொள்ளும். காப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தால் ஏதோ கணக்கு எழுதுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்.

அந்த 64 எழுத்துக்கு வருகிறேன். இறக்கிய கோப்பு ஏறத்தாழ மூன்று ஜிபி. அதை ஒரு கணக்குக்குள் செலுத்தினால் 64 எழுத்தில் ஒரு கைரேகை வரும். மூன்று ஜிபியில் எங்கோ ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுக்க வேறாகிவிடும். கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அறுநூறு பக்க நாவலில் ஓர் ஒற்று விழுந்துவிட்டால் அதைக் காட்டிக்கொடுக்கும் எண் எனக்கு இருந்திருந்தால் கண்ணாடியின் தடிமன் இவ்வளவு ஏறியிருக்காது. ஆனால் மூலமும் படியும் ஒன்று என்றுதான் அந்த எண் சொல்லும். மூலம் சரியா என்று சொல்லாது.

"சரி, அந்த எண் எங்க இருக்கு?"

"அவங்க சைட்லயேதான் மாமா."

"கோப்பு எங்க இருந்து வந்துச்சு?"

"அதுவும் அங்க இருந்துதான்."

அப்படியானால் சைட்டுக்குள்ளேயே ஒருவன் புகுந்துவிட்டால் கோப்பையும் மாற்றலாம், எண்ணையும் மாற்றலாம். கற்பனையாகக் கேட்டேன். பாதி நடந்த கதைதான் என்றான். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இன்னோர் இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் யாரோ நுழைந்து, பதிவிறக்கச் சுட்டியைத் திருப்பிவிட்டார்கள். அன்று அதன் சினமன் பதிப்பை இறக்கியவர்களுக்குப் பின்கதவோடு கூடிய மின்ட் கிடைத்தது. அதனால்தான் கைரேகைக்கு மேல் கையெழுத்து ஒன்று வேண்டும். திட்டக்காரர்களிடம் மட்டும் இருக்கும் ரகசியத் திறவுகோலால் இடப்படும் மின்கையெழுத்து. அந்தத் திறவுகோலை அவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்களா என்று அடுத்த கேள்வி எழும் அல்லவா? 2025 ஏப்ரலில் காலி திட்டத்தினர் தங்கள் களஞ்சியத்தின் கையெழுத்துத் திறவுகோல் தங்கள் கையைவிட்டுப் போய்விட்டதாக அறிவித்தார்கள். திருட்டு இல்லை, அவர்களாலேயே அதைப் பயன்படுத்த முடியாமல் போயிற்று. புதிய திறவுகோல் செய்து, உலகம் முழுக்க இருக்கும் பயனர்களை அதைக் கையால் இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். தவறு முழுக்கத் தங்களுடையது என்றும் எழுதினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிழை நேர்ந்தால் அடுத்த இதழில் 'வருந்துகிறோம்' போடும் பழக்கம் எங்கள் சிறுபத்திரிகை உலகத்திலேயே அருகிவிட்டது.

இனிப் பெட்டி. வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள். 2007 தொடக்கத்தில் ஜெர்மானிய நிறுவனம் ஒன்று வெளியிட்டது, பிறகு சன், பிறகு ஆரக்கிள் என்று கை மாறியது. எண்ணம் அதைவிடப் பழையது. 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் ஆட்கள் ஒரு பெருங்கணினியைப் பலருக்குப் பங்கு போட்டார்கள். முழு இயந்திரமும் தனக்கே என்று ஒவ்வொருவரையும் நம்பவைத்தார்கள். 1972இல் அதை விஎம்/370 என்ற பெயரில் சந்தைக்கே கொண்டுவந்தார்கள். வீட்டுக் கணினியின் சில்லு இந்த வேலைக்கு நேரடியாக ஒத்தாசை செய்யத் தொடங்கியது 2005, 2006 வாக்கில்தான். என் லேப்டாப்பில் அந்த ஒத்தாசை அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பயாஸ் வரைக்கும் இறங்கி இயக்கவேண்டியிருந்தது. நீலத்திரையில் புரியாத பட்டியல். அவன் அம்புக்குறியால் இறங்கிக்கொண்டே போனபோது கிணற்றுக்குள் ஆளை இறக்கிவிட்டு மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன்போல நின்றிருந்தேன்.

தாங்கும் கணினியை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்வார்கள். விருந்து என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. முன்பின் தெரியாத புதியவர்தான் அந்தக் காலத்து விருந்தினர், சொந்தக்காரர் இல்லை. அந்த வகையில் சரிதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு இது குடித்தனம் வைப்பதாகத்தான் பட்டது. 8 ஜிபியில் 2 ஜிபி இவனுக்கு. வன்தட்டில் 20 ஜிபிக்குக் குறையாமல் ஓர் அறை. தனிக் கதவு, தனி மீட்டர். உள்ளே இருப்பவன் மொத்த வீடும் தன்னுடையது என்றே நினைத்துக்கொள்வான். வீட்டுக்காரர் என்று ஒருவர் இருப்பதே அவனுக்குத் தெரியக் கூடாது. நானே இருபத்திரண்டு வருடமாக மாடிப் போர்ஷனில் குடியிருப்பவன். இப்படி நினைத்துக்கொள்ள ஒரு நாளும் விட்டதில்லை எங்கள் கீழ்வீட்டம்மா.

உள்ளே நுழையப் பயனர் பெயர் 'காலி'. பாஸ்வேர்டும் 'காலி'. பூட்டிலேயே சாவி தொங்குகிறது. 2020 தொடக்கம் வரை இன்னும் மோசம்: எடுத்த எடுப்பிலேயே சகல அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழைவார்கள், பாஸ்வேர்டு அந்த ரூட்டைத் திருப்பிப் போட்ட 'டூர்'. வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எத்தனை பேர் மாற்றுவார்கள் என்பது வேறு விஷயம்.

நெட்வொர்க் அமைப்பில் அவன் நெடுநேரம் நின்றான். மூன்று வழிகள். ஒன்று, பெட்டிக்குள் இருப்பவன் என் கணினியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி வெளியுலகம் போவது. வெர்ச்சுவல்பாக்ஸில் இப்படி வைத்தால் கிடைக்கும் முகவரி 10.0.2.15. எனக்கும் அதே எண், டோக்கியோவில் இதே நேரம் இதையே செய்துகொண்டிருக்கும் ஒரு மாணவிக்கும் அதே எண். கோடிக்கணக்கான குடித்தனங்களுக்கு ஒரே கதவிலக்கம், எங்கும் தபால் மாறிப்போவதில்லை. இரண்டாவது, பாலம் போடுவது. பெட்டிக்குள் இருப்பவன் வீட்டு வைஃபையில் இன்னொரு ஆளாகவே சேர்ந்துவிடுவான். வீட்டில் உள்ள மற்ற போன்களும் டிவியும் அவன் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, ஹோஸ்டும் கெஸ்ட்டுகளும் மட்டும் பேசிக்கொள்ளும் அடைத்த கூடம்.

"பாலம் மட்டும் வேண்டாம் மாமா. வைஃபை கீழ்வீட்டு ஆச்சியோடது."

எனக்கு உறைத்தது அந்த இடத்தில்தான். மாதம் இருநூறு ரூபாய் கொடுத்து அவர்களுடைய இணைப்பில் ஒண்டியிருக்கிறோம். ஒண்டியிருப்பது வேறு, அவர்கள் கதவுகளைத் தட்டிப் பார்க்கும் உரிமை வேறு. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு உரிமையாளர் அனுமதி இல்லாமல் நுழைவதையே தவறு என்கிறது. நேர்மையற்ற எண்ணமும் சேர்ந்தால் 66ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். பாடத்தில் இருக்கிறது என்று ஒப்பித்தான். ஆனால் அவனைத் தடுத்தது பிரிவு இல்லை, ஆச்சி என்று நினைக்கிறேன். வரும்போதெல்லாம் அவனுக்கு அதிரசம் கொடுத்தனுப்புகிறவர். அடைத்த கூடத்தையே தேர்ந்தெடுத்தான்.

அடைத்த கூடத்தில் அடிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கென்றே ஓட்டைகளோடு செய்துவைத்த இன்னொரு பெட்டி, மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2. தொடங்கியதும் அதன் திரையே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லிக்கொடுத்து, நம்பத்தகாத நெட்வொர்க்கில் என்னை ஒருபோதும் இணைக்காதே என்றும் எச்சரிக்கிறது. தன் பலவீனத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் வேறு மென்பொருளை நான் பார்த்ததில்லை. காலியிலிருந்து என்மேப் என்ற கருவியை அதன்மேல் ஏவினான். 1997இல் 'ஃபிராக்' என்ற மின்னிதழில் முதன்முதலாக அச்சேறிய கருவி அது. ஆயிரம் கதவுகளை வரிசையாகத் தட்டி, 23 திறந்திருப்பதாகச் சொன்னது. 21ஆம் கதவில் கோப்புப் பரிமாற்றத்துக்கான விஎஸ்எஃப்டிபிடி என்ற சேவை, பதிப்பு 2.3.4.

இந்தப் பதிப்பின் கதையை அவன் சொன்னபோது கைப்பெட்டியிலிருந்து சிவப்பு மசிப்பேனாவை எடுக்கத் தோன்றியது. பெயரிலேயே 'மிகப் பாதுகாப்பான' என்று வைத்துக்கொண்ட மென்பொருள் இது. 2011 ஜூன் இறுதியில் அதன் மூலக்கோப்பு இருந்த தளத்திலேயே யாரோ கோப்பை மாற்றிவைத்தார்கள். மாற்றிய பிரதியில், பயனர் பெயரில் ஒரு முக்காற்புள்ளியும் ஒரு மூடும் அடைப்புக்குறியும் சேர்ந்து வந்தால் 6200ஆம் கதவு திறந்துகொள்ளும். அதன் வழியே போனால் சகல அதிகாரமும் உண்டு. முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும், அதாவது படுக்கவைத்த புன்னகை. திறக்கும் குறி இல்லாமல் மூடும் குறி மட்டும் தனியாக நின்றால் என் கை தானாகச் சுழிக்கும். வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் சுழித்திருப்பேன். அப்படி ஓர் அநாதைக் குறிதான் இங்கே சாவி. கண்டுபிடித்ததும் மெய்ப்பினால்தான்: கோப்போடு வரவேண்டிய கையெழுத்து ஒத்துப்போகவில்லை. ஜூலை 3ஆம் தேதி ஆசிரியர் கிறிஸ் எவன்ஸ் நல்ல பிரதியைத் திரும்ப வைத்தார். சில நாள்தான். அந்தச் சில நாளில் சரிபார்க்காமல் இறக்கியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் யாரும் சோம்பேறி இல்லை. மூலத்தளத்திலிருந்து எடுத்தோம் என்று நம்பியவர்கள், அவ்வளவுதான்.

பெயரின் கடைசியில் புன்னகையை வைத்து அனுப்பினான். இன்னொரு சாளரத்தில் 6200ஐத் தட்டினான். கதவு திறந்தது. ஓசை இல்லை, படத்தில் வருவதுபோலப் பச்சை எழுத்து மழை இல்லை. வெறும் இடம்காட்டி மினுங்கியது. அவன் ஆங்கிலத்தில் 'நான் யார்' என்று பொருள்படும் கட்டளையை அடித்தான். 'ரூட்' என்று பதில் வந்தது. திருவண்ணாமலையில் கேட்டிருந்தால் பதிலுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

உண்மையைச் சொல்லவேண்டும். ஒரு நொடி எனக்குள் ஏதோ துள்ளியது. அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நிற்பதுபோன்ற ஒரு துள்ளல். ஆள் இல்லாத வீடு என்று தெரிந்தும் அது வந்தது. அவன் முகத்திலும் பார்த்தேன். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன் வெளியே வந்து, முன்பே பதிந்துவைத்திருந்த நிலைக்கு, ஸ்நாப்ஷாட் என்கிறார்கள், திருப்பி, அந்த இயந்திரத்தை ஒன்றுமே நடக்காத காலைக்குக் கொண்டுபோனான். அடிபட்டவனுக்கு அடிபட்ட நினைவுகூட இல்லை. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பட்டறையிலேயே 'ராக்யூ' என்று ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. 2009இல் ஒரு நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகளில் ஒரேமாதிரியானவற்றை நீக்கியது போக எஞ்சிய ஒரு கோடியே நாற்பது லட்சத்துச் சொச்சம். அந்த நிறுவனம் அவற்றை மறைகுறியாக்காமல் அப்படியே எழுதி வைத்திருந்ததாம். பூட்டு உடைப்பதற்கான கருவியாகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நான் அதை ஒரு புத்தகமாகப் படித்தேன். அவன் சாப்பிடப் போயிருந்த அரைமணி நேரம். அதிகம் பேர் வைத்திருந்தது 123456. ஐந்தாவது இடத்தில் 'ஐ லவ் யூ'. யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒருவர் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட சொற்கள், வரிக்கு ஒன்றாக. பெயர்கள், பெயர்களோடு வருடங்கள், செல்லங்கள், வசவுகள். ஆசிரியர் இல்லாத, முன்னுரை இல்லாத ஒரு கோடி வரி நூல். பிழை திருத்த முடியாத நூலும்கூட, ஏனென்றால் அதில் எது பிழை என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வந்தவனிடம் கேட்டேன்: "இத்தனை கருவி வச்சிருக்கிறவங்க வீட்டுக்குள்ள எவனும் நுழைஞ்சதில்லையா?"

2024 மார்ச் என்றான். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள். லினக்ஸ் உலகில் அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கிறது. பல வருடமாக அதைக் கவனித்துவந்தவர் ஏறக்குறைய ஒரே ஆள், ஃபின்லாந்துக்காரர் லாஸ்ஸே கொலின். சம்பளம் இல்லாத வேலை. 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சிறுசிறு திருத்தங்கள் அனுப்பினார். நல்ல திருத்தங்கள். 2022இல் வேறு சில பெயர்கள் வந்து, வேலை தாமதமாகிறது, பொறுப்பை இன்னொருவருக்கும் கொடுங்கள் என்று கொலினை நெருக்கின. களைத்திருந்த மனிதர் கொடுத்தார். இரண்டரை வருடப் பொறுமைக்குப் பிறகு 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் பின்கதவு இருந்தது. இங்கே கையெழுத்தும் ஒத்துப்போனது, கைரேகையும் ஒத்துப்போனது. மெய்ப்பு சுத்தமாக இருந்தது. பொய்யாக இருந்தது அந்த இரண்டரை வருட நட்புதான். காலி லினக்ஸும் அதை உள்ளே எடுத்துக்கொண்டது. மார்ச் 26க்கும் 29க்கும் இடையில் புதுப்பித்தவர்கள் எல்லோரிடமும் அந்தப் பிரதி போய்ச் சேர்ந்தது.

பிடித்தவர் ஆந்திரஸ் ஃபிராயண்ட், தரவுத்தளப் பொறியாளர். பாதுகாப்பு அவர் துறைகூட இல்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவது அவருக்கு உறுத்தியது. அரை நொடி! உறுத்தலை விடாமல் நூல் பிடித்துப்போய் மார்ச் 29 அன்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். எங்கள் தொழிலில் இப்படி ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். பக்கத்தைப் படிக்கவே மாட்டார். தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார், "ஏழாவது வரி தூக்கலா இருக்கு" என்பார். இருக்கும்.

யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்ஸன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் இதைவிட வயிற்றைக் கலக்கும் ஒன்றைச் சொன்னார். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிலேயே பின்கதவு வைக்க முடியும். கம்பைலரின் மூலத்தில்கூட அதன் தடயம் இல்லாமல் ஆக்க முடியும். கையெழுத்துப்படி சரி, திருத்திய மெய்ப்பும் சரி, அச்சுக்கோப்பவர் கையிலேயே ஒரு பிழை குடியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் அது புத்தகத்தில் மட்டும் ஏறிவிடுகிறது. என்ன செய்வீர்கள்? தானே எழுதாத நிரலை முழுக்க நம்ப வழியில்லை என்பது அவர் முடிவு. எனில் யார்தான் எல்லாவற்றையும் தானே எழுதியிருக்கிறார்கள்?

பெட்டி மட்டும் என்ன. 2015 மே மாதம் வெனம் என்று பெயர்சூட்டப்பட்ட ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். பெட்டிக்குள் இருப்பவன் சுவரைத் தாண்டி ஹோஸ்டுக்கே வந்துவிடக்கூடிய ஓட்டை. வெர்ச்சுவல்பாக்ஸும் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று. எதன் வழியாக? யாரும் பயன்படுத்தாத, ஆனால் யாரும் எடுக்காமல் விட்டிருந்த நெகிழ்தட்டு இயக்கியின் மெய்நிகர் வடிவம் வழியாக. 2004 முதல் அங்கேயே இருந்திருக்கிறது. பழைய போர்ஷன் வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்திருப்பார்கள், நடுவில் ஒரு கதவை இரண்டு பக்கமும் தாழ் போட்டு, பீரோவைத் தள்ளி மறைத்திருப்பார்கள். பதினோரு வருடம் கழித்து யாரோ பீரோவை நகர்த்தினால் அந்தப் பக்கம் தாழே இல்லை.

சந்தேகப்படக் கற்றுக்கொள்ளவே அவன் இதையெல்லாம் போட்டான். போடுவதற்கு நாங்கள் எத்தனை பேரை நம்பினோம் என்று கணக்குப் பார்த்தேன்: கோப்பைச் செய்தவர்களை, கையெழுத்திட்டவரை, பெட்டி செய்த நிறுவனத்தை, சில்லு வார்த்தவர்களை, முகம் தெரியாத எத்தனையோ கொலின்களை. அறுபத்து நான்கு எழுத்தை விரல் வைத்து ஒப்பிட்டது அந்த நம்பிக்கைக் கடலில் நான் போட்ட ஒரு கை நீச்சல். அதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு மெய்ப்பும் அப்படித்தான். இருபதாம் பக்கத்தை நான் பார்த்ததால் நூற்றிருபதாம் பக்கம் சரியாகிவிடுவதில்லை.

இருட்டிவிட்டது. இரண்டு பெட்டிகளையும் மூடச் சொன்னேன். என் மெய்ப்புகளும் எழுத்துருக்களும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இருந்தன. அவனுக்குக் கொஞ்சம் கோபம். நண்பரின் நாவலை மட்டும் இரண்டு முறை திறந்தேன்.

அப்போது கீழே படிக்கட்டு விளக்கு எரிந்தது. ஆச்சியின் குரல்.

"தம்பி, நெட்டு வருதா உங்களுக்கு? கடைக்காரப் பையன் வந்து பாஸ்வேர்டை மாத்தச் சொல்லிட்டுப் போயிருக்கான். பழசு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சாம். எழுதிக்கிறீங்களா?"

"சொல்லுங்கம்மா" என்றேன். அக்கா மகன் பதறிப்போய் "மாமா, கீழ போயி வாங்கிக்கலாம் மாமா" என்று எழுந்தான். அதற்குள் அவர் தொடங்கிவிட்டார். பேத்தியின் பெயர், எழுத்தெழுத்தாக, பிறகு அவள் பிறந்த வருடம். எதிர்வீட்டுத் திண்ணையில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கிடைத்த மெய்ப்புத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னார்; படித்தேன். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று திருத்தினார்.